வலப்பக்கம் வருகிறவர் நிற்க மாட்டார்

கேள்வி:

வணக்கம் அண்ணா. கோயம்புத்தூரில் பதினோரு வருடம் கார் ஓட்டியவன் நான். அவிநாசி ரோடும் காந்திபுரமும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதுவரை ஒரு விபத்துகூட இல்லை. வேலைக்காக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்து ஐந்து மாதம் தாண்டிவிட்டது. இந்திய லைசென்ஸை வைத்து நண்பரின் காரை அவ்வப்போது ஓட்டிக்கொண்டே, இந்த ஊர் லைசென்ஸுக்கும் விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் 30 கேள்விக்கும் சரியான விடை. ஆனால் போன வாரம் டிரைவிங் டெஸ்டில் பதினைந்தாவது நிமிடத்தில் ஃபெயில். வீடுகள் நிறைந்த ஒரு தெரு. நான் அகலமான ரோட்டில் நேராகப் போகிறேன். வலப்பக்கம் ஒரு சின்னச் சந்திலிருந்து கார் வந்தது. அவர் நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பயிற்றுநர் பிரேக் அடித்தார், அதோடு டெஸ்ட் முடிந்தது. 'இனி ரயிலிலேயே போகலாம்' என்கிறாள் மனைவி. பதினோரு வருட அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா? எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து கற்க வேண்டுமா? இந்த நாட்டு அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபானை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. இன்னொன்று: இந்திய லைசென்ஸை வைத்து இங்கே ஓட்டுவதற்கான ஆறு மாதக் கெடு முடிய மூன்று வாரம்தான் பாக்கி. தீபாவளிக்கு ஊருக்குப் போய்வந்தால் கெடு புதிதாகத் தொடங்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். கெடு புதிதாகத் தொடங்காது. நீங்கள் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம், அவ்வளவுதான். நடுவில் இரண்டு வாரம் ஊருக்குப் போய்வந்தாலும் உங்கள் வீடு ஸ்டுட்கார்ட்டில்தானே இருக்கிறது? அதனால் கணக்கு அதே கணக்கு. ஓராண்டுக்கு மேல் தங்கமாட்டேன் என்று காட்ட முடிந்தவர்களுக்குக் கெடுவை நீட்டித் தர வழி இருக்கிறது. நிரந்தர வேலைக்கு வந்த உங்களுக்கு அது பொருந்தாது.

கெடு தாண்டி அரைக் கிலோமீட்டர் ஓட்டினாலும், லைசென்ஸ் புதுப்பிக்க மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்புகிற விஷயம் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது என்ற குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்பது சட்டம். தெரிந்தே சாவியைக் கொடுத்த நண்பருக்கும் அதே பிரிவுதான் பாயும். கெடு முடியும் நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அன்றைக்குள் பாஸ் ஆகவில்லை என்றால் நண்பரின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபெயில் ஆனவர் அடுத்த டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. கெடுவுக்குள் எப்படியாவது டெஸ்டைப் போட்டுவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் பயிற்றுநரோடு ஓட்டுவதற்கு அந்தக் கெடு தடையில்லை. ஒன்றிரண்டு மாதம் ரயிலில் போவதில் குறையும் இல்லை.

சரி, இப்போது அந்தத் தெருவுக்கு வருவோம்.

அந்தத் தெருவை நான் பார்த்ததில்லை, ஆனால் எனக்கு நன்றாகத் தெரியும். இந்த நாட்டில் பதினெட்டு ஆண்டுகளாகப் பயிற்றுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். என் காலுக்கு அடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. அதை நான் அதிகம் மிதித்தது, புதிதாக ஓட்டக் கற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்காக அல்ல. நம் ஊரில் பத்து, இருபது வருடம் ஓட்டிவிட்டு வந்தவர்களுக்காகத்தான். அதுவும் பெரும்பாலும் உங்கள் தெருவைப் போன்ற தெருவில், வலப்பக்கச் சந்து ஒன்றின் முன்னால். கிளட்ச், கியர், ஸ்டீயரிங் எல்லாம் அவர்கள் கையில் வெண்ணெயாக இருக்கும். கண் மட்டும் தவறான இடத்தில் இருக்கும்.

நடந்தது இதுதான். நீங்கள் போன தெருவின் தொடக்கத்தில் '30' என்று எழுதி, கீழே 'ஸோன்' என்று போட்ட பலகை நின்றிருக்கும். அந்தப் பலகை சொல்வது வேகத்தை மட்டும் அல்ல. உள்ளே இருக்கும் சந்திப்புகளில் யாருக்கு முதலில் வழி என்று தனிப் பலகைகள் பொதுவாக இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. பலகை இல்லையென்றால் ஒரே விதி: வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு முதல் வழி. ஜெர்மன்காரர்கள் 'ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்ஸ்' என்பார்கள், வலது முன், இடது பின் என்று பொருள். உங்கள் ரோடு அகலமா, அவர் ரோடு சந்தா, உங்கள் கார் பெரிதா, அவருடையது சிறிதா, நீங்கள் நேராகப் போகிறீர்களா, அவர் திரும்புகிறாரா என்பதெல்லாம் இந்த விதிக்குக் கணக்கே இல்லை. சைக்கிளில் வருகிறவருக்கும் அதே உரிமை உண்டு.

இது உங்களுக்குத் தெரியாததும் அல்ல. எழுத்துத் தேர்வில் இந்த விதியைப் படம் போட்டுக் கேட்டிருப்பார்கள், நீங்களும் சரியாகத்தான் விடை போட்டிருப்பீர்கள். தலைக்குத் தெரிந்தது காலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. நம் நாட்டில் 1989-இல் வந்த சாலை விதிகளிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது: பெரிய சாலைக்குள் நுழையும்போது அதில் போகிறவர்களுக்கு வழிவிடு, மற்ற சந்திப்புகளில் உன் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிடு. நாம் இடப்பக்கம் ஓட்டினாலும் விதி வலப்பக்கத்துக்காரருக்கே வழி கொடுத்தது. ஆனால் ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய நம்மில் எத்தனை பேருக்கு யாராவது அதைச் சொல்லித் தந்தார்கள்? சிங்காநல்லூரில் ஒரு நாற்சந்தியில் யார் முதலில் போவது என்பதை அந்த நிமிடத்தில் அங்கே இருப்பவர்கள் கண்ணாலும் ஹாரனாலும் பேசி முடித்துக்கொள்கிறார்கள். யாருடைய வண்டியின் மூக்கு முதலில் நுழைந்தது, யார் சற்றுத் தயங்கினார், பின்னால் பஸ் வருகிறதா என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதுவும் ஒரு திறமைதான், நான் அதைக் குறைத்துப் பேசமாட்டேன். பதினோரு வருடம் விபத்தில்லாமல் ஓட்டினீர்கள் என்றால், எந்த நொடியில் யார் குறுக்கே வந்தாலும் சமாளிக்கும் கண் உங்களுக்கு இருக்கிறது.

ஆனால் அந்தக் கண்ணுக்கு ஒரு துணை வேண்டும்: எதிரில் இருப்பவரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சந்திலிருந்து வந்தவர் உங்களைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் தனக்கு இருப்பதாக அவர் நினைக்கவும் இல்லை. அவர் கண் அவருடைய வலப்பக்கம் இருந்தது, அங்கேதான் அவர் வழிவிட வேண்டிய ஆள் இருப்பார். தன் இடப்பக்கம் வரும் நீங்கள் நிற்பீர்கள் என்று அவர் முழுதாக நம்பினார். இங்கே நீதிமன்றங்களே இதை ஒரு கோட்பாடாக ஏற்றிருக்கின்றன. நான் விதிப்படி ஓட்டினால், மற்றவரும் விதிப்படி ஓட்டுவார் என்று நம்ப எனக்கு உரிமை உண்டு. அந்த நம்பிக்கையில்தான் இந்த நாட்டு ரோடு ஓடுகிறது. நீங்கள் அவர் நிற்பார் என்று காத்திருந்தீர்கள், அவர் நீங்கள் நிற்பீர்கள் என்று வந்தார். இரண்டு பேரும் நல்ல ஓட்டுநர்கள், ஆனால் இருவரும் நம்பியது வேறு வேறு. தம்பி, இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்ற விதிகள் தாமாகவே பதியும்.

இனி காலுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று பார்ப்போம். ஸோன் 30-க்குள் நுழைந்ததும், வலப்பக்கம் ஒரு திறப்பு தெரிந்த உடனே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். கால் பிரேக்கின் மேல் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். இரண்டாவது கியர். இப்போது தலையைத் திருப்பி வலப்பக்கத் தெருவுக்குள் பாருங்கள். ஓரக்கண்ணால் பார்ப்பது போதாது, டெஸ்ட் எடுக்கும் ஆய்வாளர் பின் இருக்கையிலிருந்து உங்கள் தலையைத்தான் கவனிக்கிறார். நிறுத்தியிருக்கும் கார்களோ வேலிச் செடியோ மறைத்தால், தெரு கண்ணுக்குத் தெரியும்வரை நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போங்கள். காலியாக இருந்தால் தயங்காமல் போங்கள். அடுத்த திறப்பில் மறுபடியும் அதே வேலை. ஒரே தெருவில் ஆறு திறப்பு இருந்தால் ஆறு தடவை.

நம் ஆட்கள் இன்னொரு பக்கமாகவும் தவறுகிறார்கள். ஒருமுறை ஃபெயில் ஆனதும் பயந்துபோய், இடப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கும் நின்று, 'நீங்கள் போங்கள்' என்று கையைக் காட்டுவார்கள். நம் ஊரில் அது பெருந்தன்மை. இங்கே அது குழப்பம். அவர் உங்களுக்காக நின்றிருப்பார், பின்னால் வருகிறவர் நீங்கள் போவீர்கள் என்று நம்பி வந்திருப்பார். காரணமில்லாமல் நிற்பதும் டெஸ்டில் தவறாகவே எழுதப்படும். உங்களுக்கு உரிய வழியை எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் மற்றவரால் உங்களை முன்கூட்டியே புரிந்துகொள்ள முடியும். ஒரே ஒரு இடத்தில் கை காட்டத்தான் வேண்டும்: நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் கார் வந்து நின்றால் எல்லாருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருப்பார், யாரும் நகர முடியாது. அப்போது ஒருவர் தன் உரிமையை விட்டுக்கொடுத்து, கண்ணைப் பார்த்துச் சைகை செய்வார்.

விதிவிலக்குகளும் உண்டு, அவற்றைத் தரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வலப்பக்கத் தெருவின் வாயில் நடைபாதையின் கல் ஓரம் தாழ்த்தப்பட்டுத் தொடர்ச்சியாகப் போகிறதா? அப்படியென்றால் அங்கிருந்து வருகிறவர்தான் காத்திருக்க வேண்டும், நீங்கள் அல்ல. வீட்டு வாசல், பெட்ரோல் பங்க், வயல் பாதை, குழந்தைகள் விளையாடும் நீலப் பலகைத் தெரு, இவற்றிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கும் அதே கதை. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் அப்படியொரு தாழ்ந்த கல்லைக் கவனிக்காமல் வேகமாக வெளியே வந்து, ஒரு தாயும் பிள்ளையும் உட்கார்ந்திருந்த காரின் கதவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். அந்தப் பிள்ளையின் முகம் இன்றுவரை எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் தரையைப் பார்க்கச் சொல்வதை நான் ஒருபோதும் சுருக்கிச் சொல்வதில்லை.

மஞ்சள் நிற வைரம் போல ஒரு பலகையைப் பார்த்திருப்பீர்கள். அது நின்றால் நீங்கள் முதன்மைச் சாலையில் இருக்கிறீர்கள், அதே பலகை குறுக்குக் கோட்டோடு வரும்வரை சந்திப்புக்குச் சந்திப்பு உங்களுக்கே வழி. சிவப்பு விளிம்பு முக்கோணத்துக்குள் தடித்த மேல்நோக்கிய அம்பு இருந்தால் அடுத்த ஒரு சந்திப்புக்கு மட்டும். இந்த இரண்டையும் பலர் ஒன்றென்று நினைத்து, இரண்டாவது சந்திப்பில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது விளக்கும் ஹாரனும். பாஷை மாறுவதுபோல இவற்றின் பொருளும் ஊருக்கு ஊர் மாறுகிறது. நம் ஊரில் எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால் என்ன அர்த்தம்? 'நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ நில்.' ஜெர்மனியில் குறுகிய தெருவில் எதிரே நிற்கிறவர் ஒருமுறை லைட் அடித்தால் பெரும்பாலும் 'நான் நிற்கிறேன், நீங்கள் வாருங்கள்' என்று அர்த்தம். நேர் எதிர்! நீங்கள் நம் ஊர் அர்த்தத்தில் அடித்தால் அவர் நன்றி சொல்லிக் கையை உயர்த்திவிட்டு உங்கள் முன்னால் வருவார். சட்டப்படி ஹாரனும் இந்த லைட்டும் இரண்டுக்குத்தான்: ஆபத்தை எச்சரிக்க, ஊருக்கு வெளியே முந்தும்போது தெரிவிக்க. 'வாருங்கள்' என்று லைட் அடிப்பது வெறும் பழக்கம்தான். ஆகவே நீங்கள் அடிக்க வேண்டாம். மற்றவர் அடித்தால் அதை மட்டும் நம்பிப் போகவும் வேண்டாம், கார் உண்மையில் நின்றுவிட்டதா என்று பாருங்கள்.

ஹாரனை நாம் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லப் பயன்படுத்துகிறோம். நம் லாரிகளின் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்றே எழுதியிருக்கும். இங்கே ஹாரன் சத்தம் கேட்டால் திட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்டு விளக்கு இன்னொன்று. நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்று சொல்ல அதைப் போடும் பழக்கம் நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது. இங்கே அதற்கு வண்டி பழுது அல்லது முன்னால் ஆபத்து என்றே அர்த்தம். ஸ்கூல் பஸ்ஸோ டவுன் பஸ்ஸோ அந்த விளக்கோடு நிறுத்தத்தை நெருங்கும்போது முந்தவே கூடாது. நின்ற பிறகு தாண்டினால் நடக்கிற வேகம்தான், எதிர்ப்பக்கம் வருகிறவருக்கும் அதே வேகம்தான். பஸ்ஸைப் பிடிக்கக் குழந்தை எந்தப் பக்கமிருந்தும் ஓடிவரலாம் அல்லவா?

குழந்தையைச் சொன்னதும் உங்கள் பதினோரு வருடத்துக்கு வருகிறேன். மற்றவரை நம்ப உரிமை உண்டு என்றேனே, அந்த உரிமை குழந்தைகள், முதியவர்கள், உடல் இயலாதவர்கள் முன்னால் செல்லாது. அவர்களைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, காலைப் பிரேக்கில் வைத்து, அவர்கள் தவறு செய்தாலும் மோதாத அளவுக்கு ஓட்ட வேண்டும் என்கிறது சட்டம். இதில் நீங்கள் இங்கே பிறந்து வளர்ந்த பலரைவிட மேல். உக்கடத்தில் பந்து உருண்டால் பின்னாலேயே பையன் வருவான் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மாணவர் ஒருவர், நாமக்கல்லில் லாரி ஓட்டியவர், நிறுத்தியிருந்த வேனுக்கு அடியில் தெரிந்த சின்னக் காலைப் பார்த்து எனக்கு முன்பே பிரேக் அடித்தார். ஆய்வாளர் அதைக் கடைசியில் தனியாகப் பாராட்டினார். ஆகவே எதையும் மறக்க வேண்டாம் தம்பி. உங்கள் பழைய கண் அப்படியே இருக்கட்டும். அது முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறோம்.

வலப்பக்கம் திரும்புவது அடுத்த ஆபத்தான இடம். நம் ஊர் இடப்பக்கத் திருப்பம் போல இது சுலபமானது என்று உடல் நினைத்துவிடும். உங்களுக்கும் நடைபாதைக்கும் நடுவே சைக்கிள் தடம் இருக்கிறது, அதில் நேராகப் போகிறவருக்கே முதல் வழி. கண்ணாடியில் அவர் தெரியாத ஒரு இடம் உண்டு. அதனால் திரும்புமுன் வலத் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், 'ஷுல்டர்பிளிக்' என்பார்கள். டெஸ்டில் இது இல்லாமல் பாஸ் ஆவது நடக்காத காரியம். நீங்கள் திரும்பும் தெருவைக் கடக்கிற நடைபயணிகளுக்கும் நின்றாக வேண்டும். சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் இடைவெளி. அவ்வளவு இடம் இல்லையா, பின்னாலேயே பொறுமையாகப் போங்கள். ரெட் சிக்னலில் 'ஃப்ரீ லெஃப்ட்' பழக்கம் உங்களை வலப்பக்கம் இழுக்கும், இழுக்க விடாதீர்கள். சிக்னல் கம்பத்தில் பச்சை அம்பு வரைந்த தகடு ஆணியடித்ததுபோல மாட்டியிருந்தால் மட்டும், கோட்டில் முழுதாக நின்றுவிட்டு, பிறகு திரும்பலாம். நிற்காமல் திரும்பினால் அதுவும் தவறு.

வேகத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகைதான் 50-க்கான பலகை, தனியாக எண் எழுதியிருக்காது. அதே பெயர் சிவப்புக் கோடு போட்டு வந்தால் ஊர் முடிந்தது, 100 வரை போகலாம். 'எங்கே எண் இருக்கிறது' என்று தேடிக்கொண்டிருந்தால் கேமரா உங்களைத் தேடிப்பிடித்துவிடும்.

இப்போது ஆட்டோபான். பயப்படுவதில் தப்பில்லை, ஆனால் பயத்தைச் சரியான இடத்தில் வையுங்கள். பல இடங்களில் வேகக் கட்டுப்பாடு கிடையாது, 130 என்பது பரிந்துரை மட்டும்தான், அது 1978-இல் வந்த ஆணை. அதனால் எல்லாரும் பறக்கிறார்கள் என்று பொருள் அல்ல. நீங்கள் 110-இல் வலது லேனில் போனால் யாரும் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டார்கள். ஆபத்து இரண்டு இடத்தில். ஒன்று, உள்ளே நுழைவது. நுழைவு லேன் நீளமாக இருப்பதே வேகம் எடுப்பதற்காக. நம் ஊரில் சர்வீஸ் ரோட்டிலிருந்து மெதுவாக மூக்கை நீட்டுவது போல 50-இல் நுழையவே கூடாது. மூன்றாவது கியரில் அழுத்தமாக மிதித்து, பக்கத்து லேனின் லாரி வேகத்தையாவது எட்டி, கண்ணாடி, தோள், இண்டிகேட்டர் பார்த்து உள்ளே போங்கள். ஓடும் லேனுக்கே முன்னுரிமை. அவர்கள் பெரும்பாலும் இடம் தருவார்கள், ஆனால் அதை எதிர்பார்த்து நுழையாதீர்கள்.

இரண்டாவது, இடது லேன். நம் நாற்கரச் சாலையில் வலது லேனில் லாரி நகராது, நாம் இடப்பக்கமாகவே முந்திக்கொண்டு போய்ப் பழகிவிட்டோம். இங்கே வலப்பக்கமாக முந்துவது கடுமையான தவறு, ஏனென்றால் அங்கிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று நம்பித்தான் முன்னால் போகிறவர் வலது லேனுக்குத் திரும்புவார். பாருங்கள், மறுபடியும் அதே நம்பிக்கை. முந்தி முடித்ததும் வலப்பக்கம் வந்துவிடுங்கள். இடப்பக்கம் போகுமுன் கண்ணாடியை இரண்டு முறை பாருங்கள். முதல் பார்வையில் புள்ளியாகத் தெரியும் கார் 200-இல் வந்தால் இரண்டாவது பார்வைக்குள் உங்கள் முதுகில் இருக்கும். இரண்டு பார்வைக்கு நடுவில் அது எவ்வளவு பெரிதானது என்பதுதான் அதன் வேகம்.

ஆட்டோபானில் எனக்கு மிகப் பிடித்த ஒன்று, நம் நாட்டிலும் வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படும் ஒன்று, 'ரெட்டுங்ஸ்காஸ', உயிர்காக்கும் சந்து. வண்டிகள் நடக்கிற வேகத்துக்கு வந்த உடனே, நிற்பதற்கு முன்பே, இடக்கோடி லேனில் இருப்பவர்கள் இன்னும் இடப்பக்கம் ஒதுங்குவார்கள், மற்ற எல்லா லேன்காரர்களும் வலப்பக்கம் ஒதுங்குவார்கள். நடுவில் ஒரு சந்து திறக்கும். ஆம்புலன்ஸ் சைரன் கேட்ட பிறகு ஒதுங்கலாம் என்று இருக்கக் கூடாது, அப்போது முன்னும் பின்னும் வண்டி நெருக்கமாக நின்றுவிட்டிருக்கும், திருப்ப இடம் இருக்காது. முதல் தடவை ஆயிரக்கணக்கான வண்டிகள் யாரும் சொல்லாமல் ஒதுங்கி நிற்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. நம் ஊரில் ஆம்புலன்ஸுக்கு வழிவிட ஆசைப்படாதவர் யார்? எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று எல்லாருக்கும் ஒன்றுபோலத் தெரியாததால் தவிக்கிறோம். வழி விடாதவருக்கு இங்கே 200 யூரோ, இரண்டு புள்ளி, ஒரு மாதம் ஓட்டத் தடை. புள்ளிகளெல்லாம் ஃப்ளென்ஸ்பர்க் என்ற ஊரில் உள்ள மத்தியப் பதிவேட்டில் சேரும், எட்டு சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தாலே 100 யூரோவும் ஒரு புள்ளியும்.

நெரிசலில் ஒரு லேன் முடிந்து இன்னொன்றோடு சேரும் இடத்திலும் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். முந்நூறு மீட்டர் முன்பே ஒதுங்கி நின்று, கடைசிவரை போகிறவரைப் பார்த்து 'வரிசையில் நுழைகிறான்' என்று கோபப்படுவார்கள். அவர்தான் சரியாகச் செய்கிறார். லேன் முடியும் இடம்வரை போய், ஜிப் இழுப்பதுபோல இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று சேர வேண்டும்.

பிறகு இடம்-வலம் குழப்பம். அது கூட்டமான ரோட்டில் வராது, எல்லாரும் வலப்பக்கம் போவதால் நீங்களும் போவீர்கள். விடியற்காலைக் காலி ரோட்டில், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, நீண்ட தூரம் ஓட்டிக் களைத்தபின் இடப்பக்கம் திரும்பும்போது வரும். ஊருக்குப் போய்வந்த முதல் வாரம் கூடுதல் கவனம் தேவை. ஒரே அடையாளம்: ஓட்டுநர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் தோள் நடைபாதையை ஒட்டி இருந்தால் தவறான பக்கம் போகிறீர்கள். இதில் உங்கள் மனைவி உதவலாம். ஒவ்வொரு இடத் திருப்பத்திலும் 'வலது லேன்' என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். ரோட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்கும் இந்த விதிகளைச் சொல்லிக்கொடுத்தால் பயம் பாதி குறையும். எல்லாம் தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் உட்காருவது உங்களுக்கும் நல்லது.

இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு இத்தனை வகுப்பு கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை, இரண்டு தேர்வும் எழுதினால் போதும். அதனால் நம் ஆட்கள் காசை மிச்சப்படுத்த இரண்டு மூன்று வகுப்போடு டெஸ்டுக்குப் போய்விடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மறுதேர்வுக்குக் கட்டும் பணத்தையும் மன உளைச்சலையும் கூட்டிப் பார்த்தால், பத்து வகுப்பு நல்ல செலவுதான். அதில் நான்கை ஸோன் 30 தெருக்களிலேயே போடச் சொல்லுங்கள், இரண்டை ஆட்டோபானில், ஒன்றை இருட்டில்.

வகுப்பு தொடங்கும்வரை செலவில்லாத ஒரு பயிற்சி. சாயங்காலம் மனைவியோடு உங்கள் வீட்டுப் பக்கத்துத் தெருக்களில் நடந்து போங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஐந்து நிமிடம் நின்று, கார் வரும்போதெல்லாம் யார் முதலில் போவார் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓட்டுநரின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். கல் ஓரம் தாழ்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பத்து நாளில் உங்கள் பதில் அவர்கள் பிரேக் விளக்குக்கு முன்னால் வர ஆரம்பிக்கும். அப்போது பயிற்றுநரைக் கூப்பிட்டு, ஃபெயில் ஆன அதே தெருவுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். அந்தச் சந்தின் முன்னால் நான்கைந்து தடவை போய்வந்த பிறகு தேதி வாங்குங்கள்.